கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பல் டாக்டர் என் வாய்க்கென்றே அளவெடுத்து, மூன்று வாரம் மெனக்கெட்டுச் செய்துகொடுத்த பல் செட்டை, பஸ் பட்டறையில் வைத்து, இரும்பு ராவும் அரத்தால் நானே ராவினேன். ராவியதோடு நிற்கவில்லை. பிளையரை எடுத்து இறுக்கவும் செய்தேன். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. குடித்திருக்கவும் இல்லை. காலை பத்து மணிக்குக் கோப்பி குடித்துவிட்டு, முழுத் தெளிவோடு, "இந்த டாக்டர் அம்மாவுக்கு ஃபிட்டிங் வேலையைப் பற்றி என்ன தெரியும்" என்று எண்ணியபடியே செய்தேன். அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. அறியாத வயது என்றும் சொல்லித் தப்பிக்க முடியாது.

எழுபதுகளின் கடைசி. ஈப்போ நகரை ஒட்டிய புந்தோங்கில் குடியிருந்தோம். ஈப்போவில் பஸ்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நான் ஃபிட்டர்.

என் மேல்வரிசையில் நாலு பல் இல்லை. வலது பக்கம் கடைவாயில் இரண்டு, முன்னால் இரண்டு. கடைவாய்ப் பற்கள் நான் தோட்டத்தில் இருந்த காலத்தில் போனவை. சிம்பாங் பூலாய்க்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு ஒரு கலர் தண்ணீர் மருந்து, வயிற்றுவலிக்கு இன்னொரு கலர் தண்ணீர் மருந்து, பல்வலிக்குக் குறடு. வைத்தியம் அவ்வளவுதான். முன்பற்கள் இரண்டுக்கும் பொறுப்பு நானே. ஒரு கல்யாண வீட்டில், பல்லாலேயே போத்தல் மூடி திறப்பேன் என்று பந்தயம் கட்டினேன். ஐந்து போத்தல்களை நான் திறந்தேன். ஆறாவது போத்தல் என்னைத் திறந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எல்லாரும் மொய் வெச்சிட்டு வாராங்க. நீங்க பல்ல வெச்சிட்டு வாரீங்க."

முதலில் ஈப்போவில் ஒரு சந்துக்குள், கண்ணாடிப் பெட்டியில் பல் வரிசைகளை அடுக்கிவைத்திருந்த ஒரு சீனக் கடை முதலாளியிடம், அதாவது தாவுக்கேயிடம், செட்டு வாங்கினேன். ரோஜா நிறத்தில் ஒரு தகடு, அதில் நாலு பல். கொக்கி கிடையாது, கம்பி கிடையாது. அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு என் எச்சிலும் என் நல்ல நேரமும் மட்டுமே காரணம். தும்மல் வந்தால் கையை மூக்குக்குக் கொண்டுபோகமாட்டேன், வாய்க்குத்தான் கொண்டுபோவேன். ஜோக் சொல்லியே பழகியவனுக்கு அது ஆகாத பொருள். நான் ஜோக்கை முடிப்பதற்குள் செட்டு கீழே இறங்கிவிடும். சுற்றி இருப்பவர்கள் அதற்குத்தான் சிரிப்பார்கள். நன்றாக இருந்த பல ஜோக்குகள் அப்படி வீணாய்ப் போயின.

சிரிப்பில் விழுந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கபடியில் விழுந்ததுதான் பிரச்சினை.

புந்தோங்கில் எங்களுக்கு ஒரு கபடிக் குழு இருந்தது. கேப்டன் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். பட்டறையிலும் அவர்தான் எனக்கு மேலே. நான் பாட்டுக்காரன். ஒரே மூச்சில் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே எதிராளி பக்கம் போய், ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டியவன். ஒருநாள் பயிற்சியில் பாதிப் பாட்டில் செட்டு நாக்கின்மேல் இறங்கியது. விழுங்கிவிடுவேனோ என்ற பயத்தில் வாயை மூடினேன். பாட்டு நின்றது. அவுட்.

மச்சான் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒம் பல்லு நிக்கலன்னா நீயும் டீம்ல நிக்க முடியாது. அடுத்த மாசம் பாகான் டத்தோகாரனுங்க வாரானுங்க. ஒன்னு பல்ல நிக்க வை, இல்லாட்டி ஓரமா குந்திப் பாரு லா."

"பல்லில்லாம ஆடுனா காத்து வெளிய போயிருது மச்சான். மூச்சு பத்தாது."

"அதத்தான் சொல்றேன். நிக்க வை."

காற்று போவதெல்லாம் நான் கட்டிய கதை. விளையாட்டுத் திடலான பாடாங்கில் ஆட்டம் பார்க்க நானூறு பேர் வருவார்கள், அதில் பாதி பெண்கள். இத்தனை பேருக்கு முன்னால் வாயில் கதவில்லாத வீடு மாதிரி போய் நிற்க எனக்கு வெட்கம். ஆனால் "வெட்கமாக இருக்கிறது" என்று கபடி கேப்டனிடம் சொல்ல முடியுமா? அதற்கும் வெட்கம்.

என் மனைவிதான் என்னை அந்த டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் கிளினிக். சிலோன்கார அம்மா, என்னைவிட நாலைந்து வயது இளையவர். யாழ்ப்பாணத் தமிழ். சிரிக்கமாட்டார். நான் உள்ளே போனதும் ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தேன்.

"கதைக்காதேங்கோ. வாயைத் திறவுங்கோ."

பேசாமல் வாயைத் திறந்து எனக்குப் பழக்கமில்லை. சிரமப்பட்டுத் திறந்தேன்.

பழைய செட்டை அவர் இரண்டு விரலால், வாலைப் பிடித்து எலியைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தார். "இது என்னத்திலை நிண்டது எண்டு தெரியுமோ?"

"எச்சில்ல டாக்டர்."

"ஓம்," என்று சொல்லி அதைத் தட்டில் போட்டார். பிறகு ஒரு பேப்பரில் என் பற்களை வரைந்து காட்டினார். "மூண்டு விசயம். செட்டு விழக்கூடாது, புதையக்கூடாது, ஆடக்கூடாது. ஒண்டுக்குச் செய்யிற வேலை மற்றதுக்கு உதவாது."

பல்லுக்கு ஒரு வயிறு இருக்கிறதாம். நடுவில் புடைத்து, முரசுப் பக்கம் ஒடுங்கும். முரசு என்று அவர் சொன்னது ஈறை. கொக்கியின் நுனி அந்தப் புடைப்பைத் தாண்டி ஒடுங்கிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால், பிடித்து இழுத்தால் ஒழிய இறங்காது. இதைக் கேட்ட என் மனைவி என் வயிற்றை ஒருமுறை பார்த்தாள்.

"இவரு கைலி நிக்கிற மாதிரிதான் டாக்டர்."

டாக்டர் அம்மாவின் உதடு ஒரு பக்கம் லேசாக அசைந்தது. நான் உள்ளே வந்ததிலிருந்து முயன்றும் கிடைக்காததை அவள் ஒரே வரியில் வாங்கிவிட்டாள்.

"அது விழாமல் இருக்க," என்றார் டாக்டர். "புதையாமல் இருக்கிறதுக்கு இது." படத்தில் கடைவாய்ப் பல்லின் கடிக்கிற முகத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்தார். "தாங்கி. செட்டிலையிருந்து வந்து பல்லிலை குந்தியிருக்கும். நீங்கள் கடிக்கிற பாரத்தைப் பல்லு வாங்கும். இது இல்லாட்டில் பாரம் முழுக்க முரசிலை. முரசு மெத்தை மாதிரி, அமுங்கும்." ஆடாமல் இருப்பதற்குத் தகடு அண்ணத்தையும் மற்றப் பற்களின் உட்பக்கத்தையும் அணைத்துக்கொண்டு இருக்கும் என்றார். முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் கிளம்பப் பார்க்கும், ஒரு பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும், அதற்காகத்தான் இரண்டு பக்கமும் கொக்கி, இரண்டு பக்கமும் தாங்கி.

எனக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கபடி மட்டும்தான் வேண்டும். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. "ஆட வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்?

"நல்லா டைட்டா இருக்குமா டாக்டர்?"

"இறுக்கம் வேண்டாம். போட்டாப் பிறகு கொக்கி பல்லைச் சும்மா தொட்டுக்கொண்டு இருக்கவேணும். இழுத்தால்தான் பிடிக்கவேணும்."

பதினைந்து வருடமாக நட்டும் போல்ட்டும் முடுக்கியவனிடம் இறுக்கம் வேண்டாம் என்கிறார். பாவம், படித்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் புதிய செட்டு வந்தது. வலது பக்கம் மிஞ்சியிருந்த கடைசிக் கடைவாய்ப் பல்லில் ஒரு கொக்கி, இடது பக்கம் ஒன்று. அந்தந்தப் பல்லின்மேல் பச்சரிசி அளவில் ஒரு உலோகத் தாங்கி. அது உட்கார்வதற்குப் பல்லில் சின்னதாக ஒரு குழியும் எடுத்திருந்தார். "உயரமாய் இருந்தால் வாங்கோ. நீங்களாகக் கை வைக்காதேங்கோ," என்றார்.

நாலாம் நாள் அந்த வலது பக்கத்துத் தாங்கி உயரமாகத்தான் இருந்தது. வாயை மூடும்போதெல்லாம் சோற்றில் கல் கடிபடுவதுபோல் முதலில் அதுதான் முட்டியது. டாக்டரிடம் போக அரைநாள் லீவு போட வேண்டும். ஆட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான். நான் யார்? ஃபிட்டர். பேரிங் ஒன்று சரியாக உட்காராவிட்டால் என்ன செய்வோம்? நீல மசி தடவிச் சுற்றிப் பார்ப்போம். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே உயரம். அந்த இடத்தை மட்டும் எடுப்போம்.

மசியை வாயில் வைக்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. நீலச் சாக்குக்கட்டியைப் பொடியாக்கி, கீழ்ப்பல்லில் தடவிக்கொண்டு கடித்தேன். தாங்கியின்மேல் அழகாக ஒரு நீலப் புள்ளி. ராவினேன். போட்டேன். கடித்தேன். மறுபடி நீலம். ராவினேன். என் வேலைச் சுத்தத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மச்சான் வந்து பார்த்தார். "என்னா மாப்ள பண்ணுற?"

"உயரம் எடுக்கிறேன்."

"அது ஒன் வாய்ல போறது லா."

"வாயும் ஒரு ஃபிட்டிங்குதான் மச்சான்."

நீலம் ஒட்டுவது ஒருவழியாக நின்றது. ஒட்டுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சவில்லை. தாங்கி இருந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது. கடித்துப் பார்த்தேன், கல் முட்டவில்லை. வெற்றி. ஆனால் செட்டு இப்போது வலது பக்கம் கொஞ்சம் அசைந்தது. அசைந்தால் என்ன செய்ய வேண்டும்? இறுக்க வேண்டும். பிளையரை எடுத்து இரண்டு கொக்கிகளையும் உள்ளே வளைத்தேன். போடும்போது "டக்" என்று சத்தம் கேட்டது. கழற்றுவதற்குக் கரண்டிக் காம்பு தேவைப்பட்டது.

மச்சான் சோதித்துப் பார்த்தார். பஸ் படியிலிருந்து குதிக்கச் சொன்னார். தலையைப் பிடித்து ஆட்டினார். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அது சோதனைக்கா வேறு எதற்கா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். செட்டு அசையவில்லை.

"போலே லா, ஆகும்," என்றார். "ஞாயித்துக்கிழம நீ ஆடுற."

இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் வலது பக்கம் மென்றபோது செட்டு மெல்ல மேலே ஏறி ஈறுக்குள் அமுங்குவது தெரிந்தது. கொக்கி பல்லின் வயிற்றைத் தாண்டி ஒரேயடியாக மேலே போய், ஈறைக் கீறியது. அடுத்த நாள் அந்த இடம் வீங்கிவிட்டது. இரவும் பகலும் பிடித்து நெரிக்கப்பட்ட கடைவாய்ப் பல்லில் ஒரு மந்தமான வலி. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஓரமாக உட்கார வேண்டும்.

"ஏங்க இட்லிய மெல்லாம முழுங்குறீங்க?" என்றாள் மனைவி.

"பசி."

"நேத்தும் பசின்னுதான் சொன்னீங்க."

ஞாயிற்றுக்கிழமை லோரியில் சிம்பாங் பூலாய்க்குப் போனோம். பழைய தோட்டத்துப் பாடாங்கில் ஆட்டம். ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதி வீடுகள் காலி. ஆனால் ஞாயிறு மாலை கபடி என்றால் எல்லாரும் எங்கிருந்தோ வந்துவிடுவார்கள். பாகான் டத்தோ ஆட்கள் தென்னந்தோட்டத்துக்காரர்கள். ஒவ்வொருத்தன் கையும் மட்டை உரித்து உரித்து முறுக்கேறியிருந்தது. எப்போதும்போல நான் வாட்ச், மோதிரம் இரண்டையும் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். அவள் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஆட்டம் கடைசிவரை சரிசமம். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று நடுவர் இரண்டு பக்கத்துக்கும் இன்னும் ஒவ்வொரு பாட்டு என்றார். தோட்டத்துப் பழைய கிராணி அவர், ஆபீஸ் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் பாட்டு என்னுடையது.

பாடிக்கொண்டே போனேன். ஓரத்தில் நின்ற ஒருத்தனின் தோளைத் தொட்டேன். திரும்பும்போது இரண்டு பேர் காலைப் பிடித்துவிட்டார்கள். குப்புற விழுந்தேன். கன்னம் தரையில் இடித்தது. மூச்சு விடவில்லை. "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே முழங்கையால் ஊர்ந்தேன். அப்போதுதான் வலது பக்கம் செட்டு நழுவியது. உட்கார அங்கே தாங்கி இல்லையே. வீங்கின ஈறு வேறு கொக்கியை வெளியே தள்ளியது. இடது பக்கத்துக் கொக்கி ஒன்றே பிடித்துக்கொண்டிருக்க, செட்டு கதவு மாதிரி அதில் சுழன்று திறந்தது. அடுத்த "கபடி"யில் கொக்கி விட்டுவிட்டது. செட்டு பறந்தது. நான் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டேன். விசில். எங்களுக்குப் பாயிண்டு.

அந்த இடத்தில் நான் பேசாமல் படுத்துக் கிடந்திருக்க வேண்டும். மச்சான் ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். கூட்டம் கத்துகிறது. நான் திரும்பிப் பார்க்கிறேன். எதிராளி பக்கம், கோட்டிலிருந்து நாலடியில், என் நாலு பற்களும் மண்ணில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. அதற்குப் பக்கத்தில் பாகான் டத்தோக்காரன் ஒருத்தன் குதிகாலைத் தூக்குகிறான்.

"மிதிச்சிராதடா," என்று ஓடினேன்.

பாட்டு இல்லாமல் கோட்டைத் தாண்டினால் அவுட். எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சட்டம் அது. செட்டைக் கையில் எடுத்தபோது என்மேல் ஐந்து பேர் கிடந்தார்கள். விசில்.

"பல்ல எடுக்கத்தான் போனாரு," என்று மச்சான் நடுவரிடம் வாதாடினார். "ஆடப் போகல."

"பல்லுக்குப் போனா என்ன, பாட்டுக்குப் போனா என்ன," என்றான் எதிர்க் கேப்டன். "கோடு கோடுதான் அண்ணே. நாங்க பல்ல அவுட்டுன்னு சொல்லலியே. ஆளுதான் அவுட்டு."

கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் கையில் இருந்ததையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "பல்லு வெளிய வந்ததுல தப்பு இல்ல. ஆளு உள்ள போனதுதான் தப்பு."

அவர்களுக்கும் ஒரு பாயிண்டு, மறுபடி சமம். கடைசிப் பாட்டில் அவர்கள் ஜெயித்தார்கள். நானூறு பேரும் என் வாயைப் பார்த்துவிட்டார்கள். எதற்காக இத்தனை பாடுபட்டேனோ அது அரை நிமிடத்தில் முடிந்தது.

லோரி ஈப்போ வந்துசேர்ந்தது. இறங்கும்போது மச்சான் சொன்னார். "ஒன் டாக்டர் வாயால கேட்டுட்டு வா. ஆடலாம்னு அவங்க சொன்னாத்தான் அடுத்த ஆட்டம். நீ சொல்றத இனிமே நான் கேக்கமாட்டேன்."

டாக்டர் செட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். தாங்கி இருந்த இடத்தை விரலால் தடவினார். "ஆர் இதை ராவினது?"

நான் வாயைத் திறந்தேன், திறக்கச் சொல்லாமலே. மனைவி முந்திக்கொண்டாள். "வேற யாரு."

அவர் இடுக்கியால் என் கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடித்து அசைத்தார். அது அசைந்தது. எனக்கே தெரிந்தது. "இந்தப் பல்லுப் போச்செண்டால் இந்தப் பக்கம் கொக்கி போட ஒண்டும் இல்லை," என்றார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்று நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

செட்டை அவரே வைத்துக்கொண்டார். வெறும் வாயோடு ஆறு வாரம். கஞ்சியும் இட்லியும். பட்டறையில் சின்னப் பையன்கள்கூட என்னைப் பார்த்து "கோடு, கோடு" என்றார்கள். ஆறாவது வாரம் டாக்டர் மறுபடி இடுக்கியால் அசைத்தார். பல் அசையவில்லை. ஈறும் வற்றியிருந்தது. செட்டில் புதிய தாங்கி வைத்து, கொக்கிகளை விரித்துச் சரிசெய்திருந்தார். போட்டுவிட்டு நீலக் காகிதம் ஒன்றைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். தாங்கியின்மேல் நீலப் புள்ளி. சின்னக் கல்லால் ஒரே ஒருமுறை தொட்டார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. நானும் அதையேதான் செய்தேன், நிறுத்தத் தெரியவில்லை.

அப்போதுதான் கபடியைப் பற்றி அவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். கேப்டன் கேட்கச் சொன்னதையும் சொன்னேன். பல் இல்லாவிட்டால் காற்று போய்விடும், மூச்சு பத்தாது என்பதையும் விடவில்லை.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "செட்டைக் கழட்டிப்போட்டுப் பாடுங்கோ."

"இங்கயா டாக்டர்?"

"இஞ்சைதான்."

வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு "கபடி கபடி கபடி" என்று ஒரே மூச்சில் பாடினேன். பிறகு செட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி பாடினேன். கதவுக்கு வெளியே பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. யாரோ எழுந்து படியிறங்கிப் போகும் சத்தமும் கேட்டது.

"இரண்டுக்கும் ஒரே நேரந்தான்," என்றார் டாக்டர். "செட்டு சாப்பிட, கதைக்க, சிரிக்க. ஆள் மேலை ஆள் விழுற விளையாட்டுக்கு இல்லை. உடைஞ்சால் தொண்டைக்குள்ளை போகும். கழட்டிவைச்சிட்டு ஆடுங்கோ."

ஆடலாம் என்று அவர் வாயால் வந்துவிட்டது. மச்சானுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. கடைசியாக ஒரு சாக்கு மிச்சம் இருந்தது, அதையும் மனைவி பக்கம் திரும்பி எடுத்துவிட்டேன்.

"கழட்டி எங்க வெக்கிறது? பாடாங்ல வெச்சா எவனாச்சும் மிதிச்சிட்டுப் போவான்."

அவள் கைப்பையை மூடிக்கொண்டே சொன்னாள்.

"வாட்சோட சேத்துக் குடுங்க."